ஜாக் ஜான்சன்: களத்துக்கு வெளியே நடந்த நெடிய குத்துச்சண்டை

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-இல் வெளிவந்த பிறகு, குத்துச்சண்டையை அதுவரை ஏறெடுத்தும் பாராத பலர் அதைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றனர். புதிதாகப் பார்ப்பவருக்குச் சில கேள்விகள் இயல்பாகவே எழும். யார் யாருடன் மோதுவது என்பதை எவர் முடிவு செய்கிறார்? எடைப் பிரிவுகள் எதற்காக? அடிக்காமல் விலகி நிற்பவரைத் திறமைசாலி என்று ஏன் சொல்கிறார்கள்? ஒருவர் உலகச் சாம்பியன் என்பது எப்படி உறுதியாகிறது?

விதிநூல்கள் இக்கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகளைத் தருகின்றன. அந்த விடைகள் நடைமுறையில் எப்படிச் செயல்பட்டன என்பதை அறிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிப்பதே சிறந்த வழி என்று நாம் கருதுகிறோம். ஹெவிவெயிட் எனப்படும் கன எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனே அவர். திறமை இருந்தால் எவரும் மேலே வரலாம் என்று ஒடுக்கப்பட்டோருக்கு நாள்தோறும் போதிக்கப்படும் நாட்டில் வாழும் நமக்கு, அவர் வரலாறு அயல்நாட்டுக் கதையாக மட்டும் இருந்துவிட முடியாது.

துறைமுகத்திலிருந்து களத்துக்கு

1878 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரில் ஜான்சன் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை ஹென்றி பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்ற ஜான்சன், இளம் வயதிலேயே துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலையில் சேர்ந்தார்.

அக்காலத்துத் தென்மாநிலங்களில் கறுப்பின இளைஞருக்குக் குத்துச்சண்டையின் நுழைவாயிலாக இருந்தது ‘பேட்டில் ராயல்’ எனப்பட்ட கொடிய கேளிக்கை. பல கறுப்பின இளைஞர்களை ஒரே களத்தில் இறக்கி, பெரும்பாலும் கண்களைக் கட்டிவிட்டு, கடைசியாக ஒருவர் மிஞ்சும் வரை அடித்துக்கொள்ளச் செய்வார்கள். சுற்றியிருந்து சிரிக்கும் வெள்ளையர் விட்டெறியும் காசே பரிசு. ஜான்சனும் இவ்வழியாகவே வந்தார். கறுப்பு உடல் இன்னொரு கறுப்பு உடலை அடிப்பதை இரசித்த சமூகம், அதே உடல் வெள்ளை உடலுக்கு எதிரே சமமாக நிற்பதை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை.

1901 பிப்ரவரியில் ஜோ சொய்ன்ஸ்கி என்னும் அனுபவமிக்க யூதக் குத்துச்சண்டை வீரர், தம்மைவிட உருவத்தில் பெரியவரான ஜான்சனை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். பரிசுச் சண்டை டெக்சாஸில் சட்டவிரோதமாக இருந்ததால் இருவரும் கைதாகி மூன்று வாரங்களுக்கு மேல் ஒரே சிறையில் கிடந்தனர். அச்சிறையிலேயே இருவரும் பயிற்சிச் சண்டையிட்டனர். அசையும் நுட்பத்தையும் அடிபடாமல் இருக்கும் கலையையும் ஜான்சன் அங்கே கற்றார். சமூகத்தின் விளிம்பில் நின்ற இன்னொரு மனிதரே அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

புதியவரின் முதல் கேள்விக்கு வருவோம். ஓட்டப் பந்தயத்தில் முதலில் கோட்டைத் தொடுபவர் வென்றவர். குத்துச்சண்டைப் பட்டம் அவ்வாறு கிடைப்பதில்லை. பட்டத்தை வைத்திருப்பவரை வீழ்த்தினால்தான் அது கைமாறும். அவரை வீழ்த்த வேண்டுமானால், அவர் களத்தில் எதிரே வந்து நிற்கச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தில்தான் அதிகாரம் முழுவதும் பதுங்கியிருந்தது.

1880-களில் ஹெவிவெயிட் சாம்பியனாக விளங்கிய ஜான் எல். சல்லிவன், கறுப்பினத்தவருடன் மோதுவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். இதற்கு ‘நிறக்கோடு’ என்று பெயர். எந்த விதிநூலிலும் எழுதப்படாத விதி அது. அதற்குப் பலியானவர்களில் முதன்மையானவர் பீட்டர் ஜாக்சன். டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற அவர், 1891-இல் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் மோதினார். முடிவு எட்டப்படாமலேயே போட்டி நின்றது. மறு ஆண்டு சல்லிவனை வென்று பட்டம் பெற்ற கார்பெட், பட்டத்துக்கான போட்டியை ஜாக்சனுக்குக் கடைசிவரை அளிக்கவில்லை. ஜாக்சன் 1901-இல் காசநோயால் இறந்தார்.

இந்தப் பூட்டிய கதவின் முன்னேதான் ஜான்சனும் வந்து நின்றார். 1903-இல் ‘டென்வர்’ எட் மார்ட்டினை வென்று, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த தனி உலகப் பட்டத்தைப் பெற்றார். ஊரைத் தாண்டிச் சேரி அமைத்ததுபோல, பட்டத்துக்கும் ஒரு தனிச் சேரி அமைத்திருந்தார்கள். அப்போதைய உலகச் சாம்பியன் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸின் தம்பி ஜாக் ஜெஃப்ரிஸை 1902-இலேயே ஜான்சன் ஐந்தாம் சுற்றில் வீழ்த்தியிருந்தார். அண்ணனோ நிறக்கோட்டைக் காட்டி மறுத்தார். 1905-இல் தோல்வியே காணாதவர் என்ற பெருமையுடன் ஓய்வும் பெற்றார். தகுதியுள்ள எதிராளியைச் சந்திக்காமலே சேர்ந்த பெருமை அது. தகுதி குறித்துப் பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் வாதம்.

எடைப் பிரிவுகள் எதற்காக?

உடல் எடையில் பெரிய வேறுபாடு உள்ளவர்கள் மோதினால் திறமைக்கு இடமிராது என்பதால் எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. இது நியாயமான ஏற்பாடு. ஆனால் இப்பிரிவுகளுக்குள் சமூகம் ஒளித்து வைத்த பொருள் வேறு. எடை குறைந்த பிரிவுகளில் கறுப்பினத்தவர் பட்டம் வெல்வது அதற்கு முன்பே நிகழ்ந்திருந்தது. 1890-களில் ஜார்ஜ் டிக்சனும், 1902-இல் லைட்வெயிட் பிரிவில் ஜோ கான்ஸும் உலகச் சாம்பியன்களாயினர். ஹெவிவெயிட் பட்டத்தை மட்டும் இறுகப் பூட்டி வைத்தனர். ஏனெனில் அப்பட்டம் உலகிலேயே வலிமை மிக்க ஆண் யார் என்பதன் அடையாளமாகக் கருதப்பட்டது. அந்த அரியணையில் கறுப்பினத்தவர் ஒருவர் அமர்ந்தால், வெள்ளையர் பிறப்பால் உயர்ந்தவர் என்ற கட்டுக்கதை எல்லோர் கண்முன்னும் தகர்ந்துவிடும்.

கடைநிலைப் பணிகளில் இடம் தந்து, முடிவெடுக்கும் நாற்காலியை மட்டும் விலக்கி வைக்கும் அலுவலகங்களை நாமும் அறிவோம். அங்கே இடம் தந்ததைக் காட்டியே இங்கே விலக்கியதை மறைப்பது பழைய உத்தி.

அடிக்காமல் நிற்பது கோழைத்தனமா?

குத்துச்சண்டை என்றால் இடைவிடாமல் அடித்துக்கொள்வது என்று புதியவர் நினைப்பார். 1867-இல் வெளியிடப்பட்ட குவீன்ஸ்பெரி விதிகள் மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, கையுறை, வீழ்ந்தவர் எழுவதற்குப் பத்து எண்ணிக்கை ஆகியவற்றை வகுத்தன. இவ்விதிகளின்கீழ் நீண்ட போட்டிகளை ஆடுவோருக்கு உடலாற்றலைச் சேமிக்கும் அறிவு இன்றியமையாதது. ஜான்சன் அதில் ஈடிணையற்றவர். எதிராளியின் குத்தைத் திறந்த கையுறையால் வழியிலேயே தடுப்பார். மேற்கையைப் பிடித்து அவர் வலிமையை முடக்குவார். பொறுமையிழந்து முன்னே பாய்பவரின் தாடையைக் கீழிருந்து மேலெழும் குத்தால் பதம் பார்ப்பார். சண்டைக்கு நடுவே சிரித்துக்கொண்டே பார்வையாளருடன் பேசவும் செய்வார்.

இதே தற்காப்பு நுட்பத்துக்காகக் கார்பெட்டை அறிவார்ந்த வீரர் என்று புகழ்ந்த ஏடுகள், ஜான்சனைச் சோம்பேறி என்றும் துணிவற்றவர் என்றும் எழுதின. ஆட்டம் ஒன்றே; ஆடியவரின் தோலைப் பொறுத்து உரிச்சொல் மாறியது. ஆகவே விளையாட்டைப் புரிந்துகொள்ள விரும்புவோர் களத்தைப் பார்ப்பதோடு, களத்தைப் பற்றி எழுதுவோரின் சொற்களையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சிட்னியும் ரீனோவும்

1906-இல் பட்டம் பெற்ற கனடா நாட்டவரான டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு ஜான்சன் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடல் கடந்து சென்றார். நிறக்கோட்டைக் கடைசியில் கடக்க வைத்தது பணம். ஹியூ மெக்கின்டாஷ் என்னும் போட்டி அமைப்பாளர் 30,000 டாலர் தருவதாக உறுதியளித்த பின்பே பர்ன்ஸ் இணங்கினார். ஜான்சனுக்குக் கிடைத்தது 5,000 டாலர். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியின் ரஷ்கட்டர்ஸ் பேயில் நடந்த போட்டியில், மெக்கின்டாஷே நடுவராகவும் இருந்தார். பதினான்காம் சுற்றில் பர்ன்ஸ் நிலைகுலைந்தபோது காவல்துறை போட்டியை நிறுத்தியது. வெள்ளையர் ஒருவர் வீழும் காட்சி படச்சுருளில் பதியாதபடி ஒளிப்பதிவும் நிறுத்தப்பட்டது. ஆயினும் பட்டம் கைமாறிவிட்டது.

அந்தப் போட்டியை நேரில் கண்டு எழுதிய நாவலாசிரியர் ஜாக் லண்டன், ஓய்விலிருந்த ஜெஃப்ரிஸ் மீண்டும் வந்து வெள்ளையினத்தின் மானத்தைக் காக்க வேண்டுமென வேண்டினார். உழைக்கும் மக்களுக்காக எழுதிய சோசலிசவாதியான அவருக்கும் நிறம் கண்ணை மறைத்தது. ‘வெள்ளையரின் பெரும் நம்பிக்கை’ என்ற பெயரில் ஒருவர் பின் ஒருவராக எதிராளிகள் தேடப்பட்டனர். ஜெஃப்ரிஸும் ஏறத்தாழ 45 கிலோ எடையைக் குறைத்துக்கொண்டு களம் திரும்பினார்.

1910 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் 45 சுற்றுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட போட்டி நடந்தது. அதற்கு முன்பு ஒருமுறைகூட வீழ்த்தப்பட்டிராத ஜெஃப்ரிஸ் பதினைந்தாம் சுற்றில் அடுத்தடுத்து வீழ்த்தப்பட்டார். அவர் தரப்பினரே போட்டியை முடித்துக்கொண்டனர்.

அன்று இரவே அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தாக்கின. பலர் கொல்லப்பட்டனர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மகிழ்ச்சியை வெளிக்காட்டியதே அவர்கள் செய்த குற்றம். ஒடுக்கப்பட்டவர் கைகளில் அதிர்ந்த பறை, எழுந்த வெற்றி முழக்கம், நிமிர்ந்த நடை ஆகியவற்றுக்காகத் தாக்குதல்கள் நடந்த ஊர்களைக் கண்டிருக்கும் நமக்கு இதில் புதிதாக விளக்க ஏதுமில்லை.

போட்டியின் திரைப்படம் பல மாநிலங்களிலும் நகரங்களிலும் தடை செய்யப்பட்டது. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. 1940 வரை அச்சட்டம் நீடித்தது. 1911-இல் இலண்டனில் ஜான்சனுக்கும் பில்லி வெல்ஸ் என்னும் ஆங்கிலேய வீரருக்கும் நடக்கவிருந்த போட்டியை, அன்றைய உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் தடை செய்தார். வெள்ளையர் வீழ்வதைக் குடியேற்ற நாடுகளின் மக்கள் அறிவது பேரரசுக்கு நல்லதல்ல என்ற அச்சம் அத்தடையின் பின்னே இருந்தது.

அதே 1911 கோடையில், பல்வங்கர் பாலு என்னும் தலித் பந்துவீச்சாளர் அனைத்திந்திய கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்தில் ஆடி, 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். புனேயில் ஆட்ட இடைவேளையின்போது மற்றவர்களிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டு, தனி மண்குவளையில் தேநீர் பெற்றவர் அவர். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை வழங்கப்படவில்லை. ஒரே காலத்தில், இரு கண்டங்களில், இரு வேறு விளையாட்டுகளில் ஒரே கதவு சாத்தப்பட்டிருந்தது.

சட்டம் என்னும் எதிராளி

களத்தில் வீழ்த்த முடியாதவரை நீதிமன்றத்தில் வீழ்த்தினார்கள். ஜான்சன் வெள்ளையினப் பெண்களுடன் வெளிப்படையாக வாழ்ந்தார். விலையுயர்ந்த கார்களை வேகமாக ஓட்டினார். எவர் முன்னும் தலைகுனிய மறுத்தார். 1911-இல் எட்டா துரியாவை மணந்தார். அந்த மணவாழ்வில் ஜான்சன் வன்முறையாளராக இருந்தார். எட்டா அவரால் தாக்கப்பட்டவர். 1912 செப்டம்பரில் எட்டா தற்கொலை செய்துகொண்டார். ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற ஒருவர் தம் வீட்டுக்குள் ஆதிக்கம் செலுத்தியதை மறைத்து, அவரைத் திருவுருவாக்குவது நம் வேலையன்று.

ஆனால் அரசு அவர்மீது தொடுத்த வழக்கு எட்டாவுக்கு நீதி வழங்குவதற்காக எழுந்ததன்று. பெண்களைப் பாலியல் தொழிலுக்குக் கடத்துவதைத் தடுப்பதற்காக 1910-இல் இயற்றப்பட்ட மான் சட்டத்தின்கீழ், 1912 அக்டோபரில் ஜான்சன் கைதானார். லூசில் கேமரன் என்ற இளம்பெண்ணைச் சாட்சியாக்க முயன்ற முதல் வழக்கு, அவர் ஒத்துழைக்க மறுத்ததால் சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜான்சனும் லூசிலும் மணந்துகொண்டனர். அதற்கு முன்பே அரசு பெல் ஷ்ரைபர் என்னும் முன்னாள் தோழியின் சாட்சியத்தைக் கொண்டு புதிய வழக்கைத் தொடுத்திருந்தது. 1913-இல் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை என்று தீர்ப்பாயிற்று. இத்தீர்ப்பு கலப்பு மணங்களைத் தடுக்கும் சட்டங்களுக்கு முன்னோடியாகும் என்று அரசு வழக்கறிஞரே வெளிப்படையாகப் பேசினார். ஜார்ஜியா மாநில உறுப்பினர் ஒருவர் ஜான்சனின் திருமணத்தைச் சுட்டிக்காட்டி, கலப்பு மணத்தைத் தடை செய்யும் அரசமைப்புத் திருத்தத்தை 1912 இறுதியிலேயே நாடாளுமன்றத்தில் முன்மொழிந்திருந்தார்.

அகமணமே சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் விளக்கினார். ஜான்சன் மீதான வழக்கு, நிறவெறியின் உயிர்நிலையும் அங்கேதான் இருந்தது என்பதைக் காட்டுகிறது. பட்டத்தைப் பறிகொடுத்ததைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்ட சமூகம், அந்தத் திருமணத்தைத் தாங்கிக்கொள்ளவில்லை.

ஜான்சன் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பிச் சென்றார். ஏழாண்டுகள் நாடற்றவராக அலைந்தார். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவின் வெயிலில், தம்மைவிட இளையவரான ஜெஸ் வில்லார்டிடம் 26-ஆம் சுற்றில் வீழ்ந்து பட்டத்தை இழந்தார். வேண்டுமென்றே தோற்றதாகப் பின்னாளில் அவர் சொன்னதை ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. 37 வயதில் ஓய்ந்த உடலைத்தான் அப்போட்டியின் படங்கள் காட்டுகின்றன. 1920-இல் மெக்சிகோ எல்லையில் சரணடைந்து, லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்து, 1921 ஜூலையில் வெளிவந்தார். கருவிகளைத் திருத்தியமைப்பதில் ஆர்வம் கொண்டிருந்த அவர், திருகுமுடுக்கி ஒன்றுக்கு 1922-இல் காப்புரிமையும் பெற்றார்.

வென்றவர் கதவைத் திறந்து வைத்தாரா?

இக்கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. சாம்பியனாக இருந்த ஆண்டுகளில் சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜீனெட், சாம் மெக்வே ஆகிய சிறந்த கறுப்பின வீரர்களுக்குப் பட்டத்துக்கான போட்டியை ஜான்சன் அளிக்கவில்லை. வெள்ளை எதிராளிகளுடன் மோதினால் வசூல் மிகுதி, ஆபத்தும் குறைவு. 1913 இறுதியில் பாரீசில் பேட்லிங் ஜிம் ஜான்சன் என்னும் கறுப்பின வீரருடன் அவர் மோதிய ஒரே போட்டி சமனில் முடிந்தது. லாங்ஃபோர்ட் பார்வையிழந்து, 1944-இல் ஹார்லமில் வறுமையில் வாடக் கண்டறியப்பட்டார். ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

தனிமனிதர் ஒருவர் உச்சிக்குச் செல்வதும் அவர் பின்னே இருப்போருக்கு வழி பிறப்பதும் வெவ்வேறு நிகழ்வுகள். ஜான்சன் தோற்றதும் நிறக்கோடு மீண்டும் இழுக்கப்பட்டது. 1919 முதல் 1926 வரை சாம்பியனாயிருந்த ஜாக் டெம்ப்சியை ஹாரி வில்ஸ் என்னும் கறுப்பின வீரர் ஆண்டுக்கணக்கில் அழைத்தும் போட்டி நடக்கவில்லை. 1937-இல் ஜோ லூயிஸ் பட்டம் வெல்லும் வரை, 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பினத்தவருக்கும் ஹெவிவெயிட் பட்டப்போட்டி வாய்க்கவில்லை. வீழ்த்தப்பட்ட வெள்ளையரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, வெள்ளைப் பெண்களுடன் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று லூயிஸுக்கு அவர் மேலாளர்கள் கட்டுப்பாடுகள் விதித்தனர். ஜான்சனைப் போல இல்லை என்று மெய்ப்பித்த பிறகே அவருக்கு வாய்ப்பு வந்தது.

1946 ஜூன் 10 அன்று வடகரோலினாவின் ஃபிராங்க்ளின்டன் அருகே நேர்ந்த கார் விபத்தில் ஜான்சன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 68. உணவகம் ஒன்றில் நிறத்தின் பெயரால் அவமதிக்கப்பட்டு, சினத்துடன் காரைக் கிளப்பிச் சென்றதாகச் சொல்லப்படுகிறது. 2018 மே மாதம், தீர்ப்புக்கு 105 ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிக்க வேண்டியவர் எவர் என்ற கேள்வியை அந்த ஆணை தொடவே இல்லை.

குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் இளையோருக்கு நாம் பரிந்துரைப்பது இதுதான். சுற்றுகளை எண்ணுங்கள், கால் அசைவைக் கவனியுங்கள், தற்காப்பை இரசியுங்கள். அத்துடன், இந்தச் சாம்பியன் யாருடன் மோதாமல் தவிர்த்தார், போட்டிகளை அமைப்பவர் யார், நடுவரை நியமிப்பவர் யார் என்றும் கேளுங்கள். வேலைவாய்ப்பு, கல்லூரி இருக்கை, நீதிபதி நாற்காலி எதுவாயினும், தகுதியின் பெயரால் ஒருவர் வெற்றி கொண்டாடும்போது அங்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். களத்தில் இறங்கவே விடப்படாத பீட்டர் ஜாக்சன்களும் சாம் லாங்ஃபோர்டுகளும் எந்த வெற்றிப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.